கோயிலும் கோணமும்

திருச்சிற்றம்பலம்

எங்கும் நிறைந்த பரம்பொருளுக்கு ஓரிடம் வகுத்தல் யாங்ஙனம் கூடும் என்று வினவுவார்க்கு, ஆன்மாக்கள் கண்டு வழிபட்டு உய்தற்பொருட்டு அப்பெருமான் தன் கருணையினால் ஓரிடத்துப் பொருந்தி நிற்கின்றான் என்று சைவ நூல்கள் விடை கூறும். அவ்விடத்தை வகுக்கப் புகும் ஆசாரியரும் சிற்பியும் முதற்கண் செய்வது கல்லை அடுக்குதல் அன்று, திசையைத் தெளிதலே. கிழக்கு இது, மேற்கு இது, அவ்விரண்டையும் நேர்குறுக்கே வெட்டும் வடக்கும் தெற்கும் இவை என்று நிலத்தின்மேல் இரண்டு கோடுகளை வரைந்த பின்னரே ஏனைய பணிகள் தொடங்கும். அக்கோடுகள் சந்திக்கும் இடத்தில் தோன்றும் கோணமே திருக்கோயில் முழுமைக்கும் வித்தாகும்.

கோணம் என்றவுடன் பள்ளிச் சிறுவர்தம் கவராயமும் பாகைமானியும் நினைவுக்கு வருதல் இயல்பு. வழிபாட்டுக்கும் அதற்கும் என்ன இயைபு என்ற ஐயமும் எழலாம். ஆயின், குடமுழுக்கு விழாவிலே வேள்விச்சாலையின் குண்டங்களைக் காண்பவரும், முழுத்தம் குறித்த பஞ்சாங்கத்தை நோக்குபவரும், திருச்சுற்றை வலம் வருபவரும் கோணத்தையே காண்கின்றனர், கோணத்தையே எண்ணுகின்றனர், கோணத்திலேயே நடக்கின்றனர். இவ்வுண்மையை அன்பர்கள் உணருமாறு, கோணத்தின் பெயரும் வகையும் அளவும் வளர்ந்த வரலாறு ஈண்டுச் சுருங்க உரைக்கப்படும்.

பெயர்

கோணுதல் என்பது தமிழில் வளைதல், நேர்மையினின்றும் திரும்புதல் என்னும் பொருளுடைய வினை. கோணல் என்ற சொல் இன்றும் சிற்றூர் மக்கள் நாவிலே வழங்குகின்றது. நேரே செல்லும் கோடு ஓரிடத்தில் திரும்புமாயின் அங்கே கோணம் பிறக்கின்றது. வடமொழியிலும் கோணம் என்றே வழங்குவர். கிரேக்க மொழியில் கோனியா என்பர். எது எதனின்றும் பிறந்தது என்ற வழக்கு ஈண்டு வேண்டா. திரும்புதலே கோணத்தின் உயிர் என்பது மட்டும் மனங்கொள்ளத் தக்கது.

தலப்பெயர்களிலும் இச்சொல் இடம்பெற்றுள்ளது. ஈழநாட்டிலே திருஞானசம்பந்தர் பாடல்பெற்ற கோணேச்சரம் திருக்கோணமலையில் விளங்குகின்றது. சோழநாட்டிலே தேவாரம் குடமூக்கு என்று வழங்கும் தலம் பிற்காலத்தே கும்பகோணம் எனப்பட்டது. குடம் கும்பமாகவும் மூக்குக் கோணமாகவும் மாறின. பேச்சு வழக்கில் இதே பொருளை மூலை என்றும் முக்கு என்றும் கூறுவர். மூத்த பிள்ளையார் கன்னிமூலையில் எழுந்தருளுதலும், மடைப்பள்ளி அக்கினிமூலையில் அமைதலும், ஈசானியமூலை தூய்மையாகப் போற்றப்படுதலும் எல்லாரும் அறிந்தனவே. திசை நான்கு, அவற்றின் இடையே கோணத்திசை நான்கு, ஆக எட்டு. முழுவட்டத்தை எட்டாகப் பகுத்தால் ஒவ்வொன்றும் 45 பாகை. இதனை அறியாதாரும் எண்திசைக் காவலரை வணங்கும்போது ஒவ்வொரு கால் 45 பாகை திரும்பியே வணங்குகின்றனர்.

கோணங்களை வகைப்படுத்தியோர் அவற்றுள் ஒன்றை நடுவாக வைத்தே ஏனையவற்றுக்குப் பெயரிட்டனர். அந்நடுக்கோணம் செங்கோணம். செம்மை என்னும் சொல்லுக்குச் சிவப்பு என்பதும் நேர்மை என்பதும் பொருள்கள். செங்கல்லில் உள்ளது முன்னது. செங்கோணத்தில் உள்ளது பின்னது. திருவள்ளுவர் அரசியலில் செங்கோன்மை, கொடுங்கோன்மை என அடுத்தடுத்து இரண்டு அதிகாரங்கள் வகுத்தார்; நேரான கோல் அறத்துக்கும் வளைந்த கோல் மறத்துக்கும் அடையாளமாயின. அச்செம்மையே கணித நூலுக்குள்ளும் புகுந்து, 90 பாகையுடைய கோணத்துக்குப் பெயராயிற்று.

செங்கோணத்தின் குறைந்தது குறுங்கோணம். அதனின் மிக்கு, இரண்டு செங்கோணங்களுக்குக் குறைந்தது விரிகோணம். இரண்டு செங்கோணங்களுக்குச் சமமானது நேர்கோணம். அதற்கும் மேற்பட்டு முழுச்சுற்றுக்குக் குறைந்தது பின்வளைகோணம். தமிழகத்தார் குறுங்கோணம் என்பதனை ஈழத்தமிழர் கூர்ங்கோணம் என்பர். ஒரு நாட்டார் அதன் சிறுமையை நோக்கினர்; மற்றொரு நாட்டார் அதன் முனையின் கூர்மையை நோக்கினர். இரண்டும் தக்கனவே. செங்கோணம் என்ற பெயரில் மட்டும் இருசாராரும் வேறுபட்டிலர்.

ஆக்குதல்

செங்கோணத்தை அளந்து அறிதல் பிற்காலத்து வழக்கம். முற்காலத்தார் அதனை ஆக்கினர். அவர் கையில் பாகைமானி இல்லை. கதிரவனும் கயிறும் இருந்தன.

நீர்விட்டு மட்டஞ் செய்த நிலத்தின் நடுவே 12 அங்குல உயரமுள்ள சங்கு எனப்படும் முளை ஒன்றை நாட்டுவர். அதன் அடியை நடுவாகக் கொண்டு ஒரு வட்டம் வரைவர். காலையில் நீண்டு கிடக்கும் நிழல் சுருங்கிச் சுருங்கி, அதன் முனை வட்டத்தை மேற்புறத்தில் ஓரிடத்தில் தொடும். அங்கே ஒரு குறியிடுவர். பிற்பகலில் அந்நிழல் மீண்டும் நீண்டு, வட்டத்தைக் கீழ்ப்புறத்தில் மற்றோரிடத்தில் தொடும், அங்கும் குறியிடுவர். இரு குறிகளையும் இணைத்த கோடே மேற்குக் கிழக்குக் கோடு. பின்னர் அவ்விரு குறிகளையும் தனித்தனி நடுவாகக் கொண்டு ஒத்த அளவுள்ள இரண்டு வட்டங்களைக் கயிற்றினால் சுழற்றுவர். அவை ஒன்றையொன்று வெட்டுங்கால் இடையே மீன் போன்ற ஒரு வடிவம் தோன்றும். அம்மீனின் தலையையும் வாலையும் இணைத்த கோடு வடக்குத் தெற்காகும். இரு கோடுகளுக்கும் இடையே நான்கு செங்கோணங்கள் ஒருங்கே பிறந்துவிடும். எண்ணும் இல்லை, எழுத்தும் இல்லை. எனினும் பிழையும் இல்லை. காலைக்கும் மாலைக்கும் இடையே கதிரவன் வடக்கிலோ தெற்கிலோ சிறிது நகர்தலால் உண்டாகும் வேறுபாட்டைத் திருத்துதற்கும் மயமதம் முதலிய சிற்பநூல்கள் வழி கூறுகின்றன.

அச்சங்கின் நிழல் மற்றோர் உண்மையையும் உணர்த்தும். பகலும் இரவும் ஒத்திருக்கும் நாளின் நண்பகலில் 12 அங்குலச் சங்கின் நிழல் எத்துணை நீளம் என்பதைக் கொண்டே ஓர் ஊர் நிலநடுக்கோட்டினின்றும் எவ்வளவு வடக்கே உள்ளது என்பதை முன்னோர் குறித்தனர். அம்பத்தூரும் ஆவடியும் பூவிருந்தவல்லியும் 13 பாகையும் சில கலைகளும் வடக்கே அமைந்தவை. ஆதலின் இவ்வூர்களில் அந்நாள் நண்பகலில் சங்கின் நிழல் வடக்கு நோக்கி இரண்டே முக்கால் அங்குலத்துக்குச் சற்று மிகுந்து விழும். ஏப்ரல் 24-ஆம் நாளை ஒட்டியும் ஆகஸ்டு 18-ஆம் நாளை ஒட்டியும் கதிரவன் இவ்வூர்களின் உச்சிக்கு நேரே வரும்போது, நண்பகலில் அந்நிழல் அடியோடு மறைந்துபோம். 13 பாகை என்ற கோணத்தை இரண்டே முக்கால் அங்குலம் என்ற நீளமாக மாற்றிக் கண்டது முன்னோர்தம் நுண்மதி.

கயிற்றினால் செங்கோணம் ஆக்கும் முறை இதனினும் தொன்மையுடையது. வேள்விமேடை சமைக்கும் விதிகளைக் கூறும் நூல்களுக்குச் சுல்ப சூத்திரங்கள் என்று பெயர். போதாயனர், ஆபஸ்தம்பர் முதலியோர் அவற்றை இயற்றினர். சுல்பம் என்பதற்குக் கயிறு என்பதே பொருள். பக்கங்கள் மூன்றும் நான்கும் ஐந்துமாகக் கயிற்றை மடக்கி முக்கோணம் செய்தால், மூன்றும் நான்கும் கூடும் இடத்தில் செங்கோணம் தானே அமையும். மகாவேதி என்னும் பெருமேடைக்கு ஆபஸ்தம்பர் 15, 36, 39 என்ற அளவுகளைக் கொண்டு செங்கோணம் ஆக்குகின்றார். 15-இன் வர்க்கம் 225. 36-இன் வர்க்கம் 1,296. இரண்டும் கூடின 1,521. அதுவே 39-இன் வர்க்கம். கிரேக்க நாட்டுப் பிதாகரசர் பெயரால் பள்ளிகளில் கற்பிக்கப்படும் விதி இதுவே. இன்றும் மனைக்கு வானம் தோண்டும் கொத்தனார் மூலைமட்டத்தை மட்டும் நம்பியிராமல், நூலைப் பிடித்து 3 அடி, 4 அடி, 5 அடி என்று மூலையைச் சரிபார்க்கின்றார். அவர் அறிந்தோ அறியாமலோ சுல்ப நூலாரின் மரபிலே நிற்பவர் ஆகின்றார்.

வகை

கோணத்தின் வகைகளை ஒரே இடத்தில் காண விரும்புவார் குடமுழுக்கின் வேள்விச்சாலைக்குச் செல்லலாம். ஒன்பது குண்டங்கள் அமைக்கும் பெருவழக்கிலே கிழக்கில் சதுரமும், தென்கிழக்கில் அரசிலை வடிவும், தெற்கில் பிறைமதி வடிவும், தென்மேற்கில் முக்கோணமும், மேற்கில் வட்டமும், வடமேற்கில் அறுகோணமும், வடக்கில் தாமரை வடிவும், வடகிழக்கில் எண்கோணமும் அமையும். கிழக்குக்கும் வடகிழக்குக்கும் இடையே தலைமைக் குண்டம் விளங்கும்.

சதுரத்தின் நான்கு மூலையும் செங்கோணம். மூன்று பக்கமும் ஒத்த முக்கோணத்தின் ஒவ்வொரு மூலையும் 60 பாகை, இது குறுங்கோணம். அறுகோணத்தின் மூலை 120 பாகை; எண்கோணத்தின் மூலை 135 பாகை; இவை விரிகோணங்கள். பக்கங்கள் மிகுந்தோறும் மூலை விரிந்துகொண்டே சென்று, நேர்கோணத்தை நெருங்கி, முடிவில் மூலையே இல்லாத வட்டம் வந்து நிற்கும். பிறைமதிக் குண்டத்தைப் பாதிவட்டமாக அமைக்கும்போது, நேர்க்கோடும் வளைகோடும் கூடும் இரு முனைகளிலும் செங்கோணமே மறைந்து நிற்கின்றது. அப்பாதிவட்டத்தின் வளைகோட்டில் எப்புள்ளியைத் தேர்ந்து விட்டத்தின் இரு முனைகளோடும் சேர்த்தாலும் அங்கே உண்டாவதும் செங்கோணமே.

வலம் வருதலிலும் இக்கணிதம் அடங்கியுள்ளது. சதுரமான திருச்சுற்றை வலம்வரும் அடியவர் நான்கு மூலையிலும் ஒவ்வொரு செங்கோணம் திரும்புகின்றார்; நான்கும் கூட்டினால் 360 பாகை. அறுகோணமாயின் 60 பாகையாக ஆறு திருப்பம், அதுவும் 360. எண்கோணமாயின் 45 பாகையாக எட்டுத் திருப்பம், அதுவும் அதுவே. சுற்று எவ்வடிவினதாயினும் தொடங்கிய இடத்துக்கு வந்து முன்போல் நிற்பவர் முழுவட்டம் திரும்பியவரே. பாதை பலவாயினும் சுற்று ஒன்றே என்னும் இவ்வுண்மை சமய நெறிக்கும் பொருந்துவதாம்.

அம்பத்தூரில் 1964-இல் தொழிற்பேட்டை எழுந்தது; அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே, 1961-இல் ஆவடியில் கனரக ஊர்தித் தொழிற்சாலை தோன்றியது. இத்தொழிற்கூடங்களிலும் அவற்றைச் சூழ்ந்து பெருகிய பட்டறைகளிலும் பணிபுரிந்து ஈட்டிய பொருளில் ஒரு பங்கைத் திருப்பணிக்கு ஈந்த அன்பர் பலராவர். அவர் இக்கோணங்களை நாள்தோறும் கையாள்பவர். மெட்ரிக் அளவுத் திருகாணியின் மரைக்கோணம் 60 பாகை. வேள்விச்சாலையின் முக்கோணக் குண்டத்து மூலையும் அதுவே. பட்டறையில் பெரும்பாலும் வழங்கும் துளையிடும் ஊசியின் முனை 118 பாகையுடைய விரிகோணம். தொழிற்கூடத்தின் இரும்பிலும் வேள்விச்சாலையின் செங்கல்லிலும் ஒரே கணிதம் ஆட்சி புரிகின்றது.

அளவு

கோணத்தை எண்ணால் அளக்கும் வழக்கம் கட்டடக் கலையினின்றும் வந்ததன்று, வானநூலினின்றும் வந்தது. அறுபது அறுபதாக எண்ணிய பாபிலோனியரிடம் தோன்றி, முழுவட்டத்தை 360 ஆகப் பகுக்கும் முறை கிரேக்கர் வழியாகப் பரவியது. பாரத நாட்டுச் சித்தாந்த நூல்களும் அதனை ஏற்றுப் போற்றின. நல்லதை எங்கிருந்து வரினும் ஏற்று, அதனைத் தமதாக்கி வளர்த்தலே சான்றோர் நெறி. எல்லாம் இங்கேயே தோன்றின என்று சாதித்தலால் முன்னோர்க்குப் பெருமை கூடாது. அவர் உண்மையாகச் செய்தவையே அவர்க்குப் போதிய பெருமை தரும்.

வட்டத்தில் இராசி 12. இராசிக்குப் பாகை 30. பாகைக்குக் கலை 60. கலைக்கு விகலை 60. நாண்மீன்கள் 27 ஆதலின் ஒவ்வொன்றுக்கும் 13 பாகை 20 கலை. அதனை நான்காகப் பகுத்த பாதம் ஒன்றுக்கு 3 பாகை 20 கலை. சாதகக் கட்டத்தை நோக்கும் எவரும் கோணங்களின் பட்டியலையே நோக்குகின்றார்.

திதி என்பதும் கோணமே. கதிரவனுக்கும் மதிக்கும் இடையேயுள்ள விலக்கம் 12 பாகை வளரும் காலம் ஒரு திதி. அமாவாசை முடியும் கணத்தில் விலக்கம் இல்லை. வளர்பிறை எட்டாம் திதியின் நடுவே அது 90 பாகையாகும். அப்பொழுது வானில் பாதிமதி தோன்றும். அது செங்கோண மதி எனலாம். முழுமதி நிறையும் கணத்தில் விலக்கம் 180 பாகை. கதிரும் மதியும் நேர்கோணத்தில் எதிரெதிர் நிற்கின்றன. குடமுழுக்குக்கு நாள் வகுக்கும் பெரியோர் திதியும் நாண்மீனும் இலக்கினமும் பார்த்தல் என்பது, ஆராயின், வானத்தில் மூன்று கோணங்களை அளந்து அறிதலே. குறித்த நாழிகையில் கலசநீர் சொரியக் காணக் காத்து நிற்கும் பல்லாயிரம் அன்பரும் ஒரு கோணம் நிறைதற்கே காத்து நிற்கின்றனர்.

இவ்வளவையை வளர்த்த பெருமக்களுள் ஆரியபடர் தலைசிறந்தவர். அவர் கி.பி. 499-ஐ ஒட்டி ஆரியபடீயம் இயற்றினார். வட்டத்தின் சுற்று 21,600 கலையாயின் அதன் ஆரம் 3,438 கலை என்று கொண்டு, கால்வட்டத்தை 3 பாகை 45 கலையாக 24 பகுதி செய்து, ஒவ்வொரு கோணத்துக்கும் உரிய அரைநாணின் அளவை அவர் வகுத்துரைத்தார். வில்லின் நாணைக் குறிக்கும் ஜ்யா, ஜீவா என்னும் சொற்கள் அராபியரிடம் ஜீப எனச் சென்றன. உயிரெழுத்துக் குறியின்றி எழுதப்பட்டமையால் பின்வந்தோர் அதனை ஜைப் என்று படித்து, ஆடையின் மடிப்பு என்று பொருள் கொண்டனர். இலத்தீனில் அப்பொருளுடைய சைனஸ் என்ற சொல்லால் மொழிபெயர்த்தனர். இன்று பள்ளி மாணவர் சைன் என்று கூறுவது அதனையே. பெயர் உருமாறிப் போயினும் பொருள் வில்லின் நாணே.

பரங்கிமலையும் தஞ்சைப் பெருங்கோயிலும்

கோணத்தை அளந்து நாட்டையே அளந்த வரலாறு பூவிருந்தவல்லிக்கு அணித்தாகவே தொடங்கியது. 1792-இல் சென்னை நுங்கம்பாக்கத்தில் வானாய்வுக் கூடம் அமைந்தது. கருவி தாங்க அங்கே நிறுத்திய கருங்கல் தூணில் தமிழிலும் கல்வெட்டு உண்டு. 1794-இல் நில அளவை பயிற்றும் பள்ளி ஒன்று சென்னைக் கோட்டையில் தோன்றியது. கிண்டிப் பொறியியற் கல்லூரி அதன் வழி வளர்ந்ததே.

1802 ஏப்ரல் 10-ஆம் நாள் வில்லியம் லாம்டன் என்பார் பரங்கிமலையின் அருகே தொடங்கித் தெற்கே பெரும்பாக்கம் வரை நிலத்தின்மேல் ஒரு நேர்க்கோட்டை அளக்கப் புகுந்தார். 100 அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலியை 400 முறை நீட்டி, ஏறத்தாழ ஏழரை மைல் தூரத்தை 57 நாட்களில் அளந்து முடித்தார். அதன்பின் பெரும்பாலும் நீளம் அளத்தல் இல்லை, கோணம் அளத்தலே. ஒரு முக்கோணத்தின் ஒரு பக்கமும் கோணங்களும் தெரிந்தால் மற்றைப் பக்கங்களைக் கணக்கினால் பெறலாம். பெற்ற பக்கத்தின்மேல் மற்றொரு முக்கோணம், அதன்மேல் மற்றொன்று என இம்முக்கோணங்கள் தெற்கே குமரிமுனை வரையிலும் வடக்கே இமயத்தின் அடிவாரம் வரையிலும் சங்கிலிபோல் நீண்டன. லாம்டன் 1823-இல் மறைந்தபின் ஜார்ஜ் எவரெஸ்டு அப்பணியைத் தொடர்ந்தார். இமயத்தின் உயர்ந்த கொடுமுடி 29,002 அடி என்று 1856-இல் அறிவிக்கப்பட்டதும் நெடுந்தொலைவினின்று அளந்த கோணங்களைக் கொண்டே. வங்காளத்து இராதாநாத சிக்தார் அக்கணக்கில் பெரும்பங்கு கொண்டவர்.

அவ்வளவைக்கு உதவிய கருவி தியோடலைட்டு எனப்படும். 36 அங்குல விட்டமுள்ள கிடைவட்டமும், ஏறத்தாழ அரை டன் எடையும் உடையது. இங்கிலாந்தினின்றும் அதனைக் கொணர்ந்த கப்பல் பிரெஞ்சுக்காரர் கையில் அகப்பட்டு மொரீசியசுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. அறிவியற் கருவி என்று அறிந்தபின் பிரெஞ்சுக்காரர் அதனைச் சென்னைக்கு அனுப்பினர். காவிரிச் சமவெளியிலே குன்றுகள் இல்லை; தென்னையும் பனையும் பார்வையை மறைத்தன. அந்நாட்டில் உயர்ந்து நின்றவை திருக்கோயில்களே. ஆதலின் 1808-இல் இராசராச சோழர் எடுத்த தஞ்சைப் பெருங்கோயிலின் உயரத்துக்கு அக்கருவியைக் கயிறு கட்டி ஏற்றினர். கயிறு அறுந்தது, கருவி சுவரில் மோதி, அதன் வட்டம் உருக்குலைந்தது. கோணம் அளக்கும் வட்டம் நெளிந்தால் அளவு அனைத்தும் பொய்க்கும். லாம்டன் ஏறத்தாழ ஆறு வாரம் தனித்திருந்து, ஆப்பும் திருகும் கப்பியும் கொண்டு சிறிது சிறிதாக இழுத்தும், மரச்சுத்தியால் மெல்லத் தட்டியும் அவ்வட்டத்தை மீண்டும் வட்டமாக்கினார் என்பர். பொன்னும் பொருளும் செலவிட்டுச் செய்யும் பணியில் ஒரு கயிற்றின் வலிமையைச் சோதியாமை எத்துணைக் கேட்டை விளைக்கும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

மற்றோர் உண்மையும் அவ்வளவையால் விளங்கும். முக்கோணத்தின் மூன்று கோணங்களும் கூடி இரண்டு செங்கோணம் ஆகும் என்பது பள்ளிப் பாடம். உருண்டையாகிய நிலத்தின்மேல் பெரிய முக்கோணம் அமைத்தால் அக்கூட்டுத்தொகை 180 பாகையைச் சற்றே விஞ்சும். முக்கோணத்தின் பரப்பு ஏறத்தாழ 76 சதுர மைல் ஆயின் மிகுதி ஒரு விகலை. பரப்புப் பெருகப் பெருக மிகுதியும் பெருகும். ஒரு விகலை என்பது பாகையின் 3,600-இல் ஒரு கூறு. அச்சிறு மிகுதியையும் கணக்கிற் கொண்டமையாலேயே அவ்வளவை நிலைபெற்றது.

இப்பகுதித் திருக்கோயில்களில்

இந்நிலப்பகுதியின் பழந்திருக்கோயில்களும் கோணத்தின் அருமையை மௌனமாக உரைக்கின்றன. பாடியிலுள்ள திருவலிதாயம் திருஞானசம்பந்தராலும், வடதிருமுல்லைவாயில் சுந்தரமூர்த்தி நாயனாராலும் பாடப்பெற்றவை. இவ்விரண்டு தலங்களிலும் கருவறை தூங்கானை மாடமாக, யானையின் பின்புறம் போன்ற வடிவில் அமைந்துள்ளது. தொண்டை நாட்டிலே இவ்வமைப்புப் பெருவழக்கு. முன்புறம் சதுரத்தின் இயல்பினது. ஆண்டு இரண்டு செங்கோணங்கள் உண்டு. பின்புறம் அரைவட்டம், ஆண்டு மூலையே இல்லை. நேர்ச்சுவர் வளைசுவரோடு கூடும் இடத்தில் முடக்கம் ஒன்றும் தோன்றாதபடி சிற்பி கல்லை இழைத்துள்ளார். அங்குத் தோன்றும் கோணம் 180 பாகை. நேர்கோணம் என்று கூறாமலே அவர் அதனைக் கல்லில் ஆக்கி வைத்தார். அவ்வரைவட்டத்தின் நடுப்புள்ளி கோயிலின் நடுக்கோட்டில் சிறிது பிறழினும் விமானம் ஒருபுறம் சரிந்து தோன்றும்.

திருமுல்லைவாயிலில் நந்தியெம்பெருமான் ஏனைத் தலங்களிற்போல இறைவனை நோக்கியிராமல், தொண்டைமானுக்குத் துணைபுரியப் புறப்பட்ட நிலையில், இறைவன் நோக்கும் கிழக்குத் திசையையே தாமும் நோக்கி எழுந்தருளியுள்ளார். பிற தலத்து நிலையினின்றும் 180 பாகை திரும்பிய நிலை இது. ஒரு நேர்கோணத் திருப்பத்திலே ஒரு தலவரலாறு முழுவதும் அடங்கியிருத்தலை அடியார்கள் சிந்தித்து இன்புறுவர்.

திருப்பணி அன்பர்க்கு

இதுகாறும் கூறியவற்றால் போந்த பயன் ஒன்று உண்டு. பிழை கோணத்தில் மிகச் சிறிதாகத் தோன்றும். தொலைவில் பெரிதாக விளையும். ஒரு பாகை என்பது கண்ணுக்குப் புலனாகாத அளவு. ஆயின் கருவறையினின்றும் ஒரு பாகை விலகி இழுத்த நூல் 100 அடி சென்றவுடன் நடுக்கோட்டினின்றும் ஒன்றே முக்கால் அடி விலகிவிடும். 300 அடி சென்றால் ஐந்தே கால் அடி விலகிவிடும். அந்நூலை நம்பி எழுப்பிய கோபுர வாயிலின் நடுவே நிற்பவர்க்குக் கொடிமரமும் பலிபீடமும் நந்தியும் நேர்பட நில்லாமல் ஒருபுறம் ஒதுங்கித் தோன்றும். பின்னர் எத்துணைப் பொருள் செலவிடினும் அப்பிழையைத் திருத்தல் அரிது. சுதையும் வண்ணமும் அதனை மறைக்கமாட்டா.

சென்னையின் மேற்குப் புறத்தே ஊர்கள் நெருங்கி நகரமாகிவிட்ட இக்காலத்தில், புதுத்தெருவும் மனைப்பிரிவும் பழங்கோயிலின் திசையை நோக்கி அமைவதில்லை. மண்டபமோ மதிலோ புதிதாக எடுக்கும்போது, எதிரேயுள்ள தெருவின் கோட்டைப் பற்றுக்கோடாகக் கொள்வது எளிது. ஆயின் அது தகாது. பற்றுக்கோடு கருவறையின் நடுக்கோடே. பாலாலயம் செய்யும் முன்னரே அக்கோட்டை இருமுனையிலும் அழியாத குறியிட்டுக் காத்தல் வேண்டும். கல்லைப் பிரிக்கும் முன் பழைய மூலைகள் அனைத்தையும் அளந்து வரைபடம் எழுதி வைத்தல் வேண்டும். வானம் தோண்டியபின் நாற்கோணத்தின் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து, இரண்டும் ஒத்த நீளமுடையனவா என்று நோக்குதல் வேண்டும். எதிர்ப்பக்கங்கள் ஒத்திருந்து மூலைவிட்டங்களும் ஒத்திருப்பின் நான்கு மூலையும் செங்கோணமே; ஒவ்வாவிடின் கடைக்கால் இடும் முன்னரே திருத்துதல் எளிது. இச்சோதனைக்குச் செலவு ஒரு நூலும் அரைநாளுமே.

கோபுரத்தின் உயரத்தையும் கலசத்தின் எண்ணிக்கையையும் வினவும் அன்பர் பலர். அடிக்கோட்டின் செம்மையை வினவுவார் சிலரே. உயரம் கண்டார் கண்ணுக்குப் பெருமை தரும். செம்மையோ மண்ணுக்குள் மறைந்து, எவரும் காணாமல் நின்று, எல்லாவற்றையும் தாங்கும். பெயர் பொறிக்கும் கல்லுக்கு ஈயும் பொருளினும், மூலை பார்க்கும் நூலுக்கு ஈயும் பொருள் சிறிதாயினும் பயன் பெரிது. நிழலும் கயிறும் கொண்டு முன்னோர் பிழையின்றி நாட்டிய செங்கோணத்தை, நுண்கருவிகள் மலிந்த இந்நாளிலும் அவ்வாறே பேணி அடுத்த தலைமுறைக்கு ஒப்படைத்தல் திருப்பணி செய்வார் அனைவர்க்கும் கடனாகும். அக்கடன் செவ்வனே நிறைவேறத் திருவருள் முன்னிற்பதாக.

திருச்சிற்றம்பலம்